பீலி முடக்கில் குளிக்கும் கார்

சென்ற மாதம் பதுளையில் ஒரு டொக்டர் என் ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இனிமே தேத்தண்ணிக்குச் சீனி போடக்கூடாது" என்றார். என் வாய் சும்மா இராமல், "யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டது. டொக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காவுடையது. அவள் அதைக் கேட்டால் எதிரில் நிற்கிற ஆள் கொஞ்சம் தடுமாறுவான். 'ஆமாம், உண்மையில் யார்தான் சொன்னது?' என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அக்கா தன் காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடுவாள். நான் கேட்டால் மாத்திரை கூடுகிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. லயத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த கிழவர்களுக்கும். புருசன் போன பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பல வருசம் கழித்துத் திரும்பி வந்தாள். தோட்டமே அவள் வீடு கட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தது. அவள் கார் வாங்கினாள்.

"வீடு கட்டாம காரா?" என்று என் மனைவியே கேட்டாள்.

"வீடு இங்கனயேதான நிக்கும்" என்றாள் அக்கா.

அது பெரிய கிராணியாரின் கார். பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு நாங்கள் அவ்வளவாகப் பயந்ததில்லை; துரைக்கு எங்கள் பெயர் தெரியாது. கிராணியாருக்கு எல்லார் பெயரும் தெரியும். அவர் ஓய்வு பெற்றுப் பண்டாரவளையில் வீடு கட்டிக்கொண்டு போனபோது, அந்தக் காலத்து ஸ்ரீ எழுத்து நம்பர் தகடு போட்ட அந்தப் பழைய காரை விற்றுவிட்டுப் போனார். பால் தேத்தண்ணி நிறம். கதவை மூடுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது கிராணியார் சொன்னாராம்: "லயத்து ரோட்டுல இந்த எஞ்சின் ஒரு வருசம் தாங்காது. போச்சுன்னா என்கிட்டயே கொண்டாந்து குடு. வித்த வெலைக்கு இல்லாட்டியும் பாத்துக் குடுக்குறேன்."

"தாங்காதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு அக்கா வண்டியை எடுத்தாள்.

காசை முழுசாக வாங்கிக்கொண்டவர், வண்டியின் பதிவுப் புத்தகத்தில் மட்டும் பெயரை மாற்றிக் கொடுக்கவில்லை. "அதுக்கென்ன அவசரம், பொறகு பாப்போம்" என்றார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் பாதி வாகனங்கள் செத்துப்போனவர்களின் பெயரில்தான் ஓடுகின்றன.

புதுத் துரை வந்த காலத்தில், தோட்டத்து ரோட்டில் வெளிவண்டி போகக்கூடாது என்று கேட்டைப் பூட்டினார்கள். வாச்சர் வந்து, "அக்கா, இனிமே காரு உள்ள வரக்கூடாதாம்" என்றான்.

"யாரு சொன்னா?"

"தொரதான்."

"இது உள்ள இருக்குற காரு. வெளிய போய்ட்டு வருது. வெளிய இருந்து உள்ள வர்ற காருக்குத்தான தொர சொன்னாரு?"

வாச்சர் இதை யோசித்துக்கொண்டே கேட்டைத் திறந்தான். அதன் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறானோ என்னவோ.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், அக்கா காருக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு வரிசையைக் காத்தாள். ஒரு பெரிய வாகனக்காரர் இடையில் நுழையப் பார்த்து, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல, வீட்டுக்குப் போங்க" என்றார். அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் அதையே அவரிடம் கேட்டார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

எனக்கு அந்தக் காரில் முன் சீட்டு. பதுளையில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கிழிப்பது என் தொழில். சாயந்தரம் அக்கா டவுனில் இருந்தால் ஓசியில் ஏறிக்கொள்வேன். அதற்குக் கூலியாக வழியெல்லாம் பேசிக்கொண்டு வரவேண்டும். "நீ பேசாம வந்தா எனக்குத் தூக்கம் வரும். பேசினா எரிச்சல் வரும். ஓட்டுறதுக்கு எரிச்சல்தான் நல்லது" என்பாள்.

வாடகை ஓட்டம் எல்லாம் இருந்தாலும், அந்தக் காரை எங்கள் பிரிவில் எல்லாரும் ஆஸ்பத்திரி வண்டி என்றுதான் நினைத்திருந்தோம். பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்தால் கதவைத் தட்டுவது அக்காவின் கதவைத்தான். பிரசவ ஓட்டத்துக்கு அவள் கூலி வாங்கமாட்டாள். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிற அன்று, மலையேற்றத்தில் பாதி தூரத்தில் இருக்கிற பீலி முடக்கு என்ற வளைவில் வண்டி நிற்கும். அங்கே பாறையில் செருகிய குழாயிலிருந்து எந்நேரமும் ஊற்றுத்தண்ணீர் கொட்டும். பிள்ளையின் அப்பன் இறங்கி வாளி வாளியாகப் பிடித்துக் காரைக் குளிப்பாட்ட வேண்டும். மகன் என்றாலும் மகள் என்றாலும் அதே குளியல்தான். எங்கள் பிரிவில் ஒருவன் அப்பன் ஆனான் என்பதற்கு அத்தாட்சி, அவன் பீலி முடக்கில் நனைந்து நிற்பது.

அதற்கு ஒரு முறை உண்டு. அக்கா முதலில் பொனட்டைத் திறந்து வைத்துவிட்டு வெற்றிலை போடுவாள். எஞ்சின் ஆறும்வரை மென்றுகொண்டிருப்பாள். பிறகு துப்பிவிட்டு, "ம், ஊத்து" என்பாள். அதுவரைக்கும் வாளியோடு நிற்கிற அப்பன் நிற்கவேண்டியதுதான்.

அப்படி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு நாள், மழை இருட்டிக்கொண்டு வந்தது. பின் சீட்டில் தாயும் பிள்ளையும் மாமியாரும், முன் சீட்டில் நானும் என் மடியில் அப்பன்காரனும். ஏற்றத்தில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகக் கொதித்துவிட்டது. பீலி முடக்கில் நிறுத்தி அக்கா பொனட்டைத் திறந்தாள், ஆவி எழும்பியது. அந்த நேரம் பார்த்துத் தாய்க்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. அக்கா வெற்றிலையை விட்டுவிட்டு, பிள்ளையை வாங்கப் பின்பக்கம் ஓடினாள். அப்பன்காரனுக்கு முதல் பிள்ளை. சந்தோசம் தாங்கவில்லை. மழைக்கு முன் கடமையை முடித்துவிடுவோம் என்று வாளியை நிறைத்துக் கொண்டுவந்து, கொதிக்கிற எஞ்சின்மேலேயே கவிழ்த்துவிட்டான்.

எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்தது, தொட்டால் கையில் கறுப்பு ஒட்டும் என்பது மட்டும்தான். ஆனாலும் அப்போது கேட்ட சத்தம் நல்ல சத்தமில்லை என்று எனக்கே புரிந்தது. மண்சட்டி அடுப்பில் வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

அக்கா வந்து பார்த்தாள். எல்லாரையும் ஏறச் சொன்னாள். சாவியைத் திருகியதும் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. மழையும் கொட்டத் தொடங்கியது. உள்ளே இரும்பு இரும்பை அரைக்கிற சத்தம்.

"அக்கா, நிப்பாட்டுங்க. எஞ்சின் போயிரும்" என்றேன்.

"நிப்பாட்டச் சொல்லி யாரு சொன்னா? பச்சப்புள்ள நனையும்."

"போயிரும்க்கா."

"போகட்டும். மேல போய்ப் போகட்டும்."

அது அவள் சொன்ன மாதிரியே போனது. லயத்து வாசல்வரை ஏறி, தாய் இறங்கி, பிள்ளை இறங்கி, கதவை நான் மூன்றாம் தடவையாக மூடிய பிறகு, ஒரு கத்து கத்திவிட்டு நின்றது. அப்பன்காரன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

"எதுக்கு அழுவுற? ஊத்தணும்னு வச்சது நான். நீ கொஞ்சம் முன்னாடி ஊத்திட்ட. போய்ப் புள்ளயப் பாரு" என்றாள் அக்கா.

மறுநாள் டிராக்டரில் கட்டி இழுத்துப் பதுளைக்குக் கொண்டுபோனோம். அக்கா எப்போதும் வண்டி விடுகிற கராஜ் ஒரு முஸ்லிம் அண்ணனுடையது; எல்லாருக்கும் அவர் நானா. நிதானமான மனுசன். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"தங்கச்சி, இது முடிஞ்ச எஞ்சின். ஹெட்டு வெடிச்சி, பிஸ்டன் இறுகிட்டு. செய்ய ஏலாதுண்டு சொல்லல்ல. லேத்துக்கு அனுப்பணும், சாமான் தேடணும், ரெண்டு மூணு மாசம் இழுக்கும். ஜப்பான் எஞ்சின் ஒண்டு வந்திருக்கு. தூக்கி வச்சா ரெண்டு நாள். செலவும் ஏறக்குறைய ஒண்டுதான்."

"மாத்துறதில்ல. இதையே செஞ்சு குடுங்க."

"ஏன் தங்கச்சி?"

"மாத்தணும்னு யாரு சொன்னா?"

"இப்ப நாந்தானே சொன்னேன்" என்றார் நானா, என்னைப் பார்த்து. நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

தோட்டம் முழுக்க இதே பேச்சு. பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கிறவர்கள் எல்லாம் எஞ்சின் நிபுணர்கள் ஆனார்கள். மாற்றுவதே நல்லது என்றார்கள். அப்பன்காரன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனான். அந்த வாரத்திலேயே ஒரு கிழவருக்கு நெஞ்சுவலி வந்து, கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் திரும்பி வந்ததும், "நெஞ்சுவலி பரவால்ல, லொறிதான் தாங்கல" என்றார். கடைசிக் காம்பராவில் ஒரு பெண் நிறைமாசம். அந்த மாசக் கடைசிக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் தினமும் வாசலில் வந்து, கார் நிற்கிற வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போவாள்.

எனக்கு விசயம் விளங்கியது நானாவிடம்தான். கடைக்குப் போகிற வழியில் கராஜில் நின்று கேட்டேன்.

"எஞ்சின் மாத்தினா நம்பர் மாறும். புத்தகத்துல பதியணும். அதுக்குப் புத்தகத்துல பேர் உள்ள ஆள் வந்து கையெழுத்து வைக்கணும். அது யாரு பேருல இருக்கு?" என்றார்.

அப்போதுதான் பிடிபட்டது. பெயர் மாற்றித் தரச்சொல்லி அக்கா பல தடவை பண்டாரவளைக்குப் போனவள். தோட்டத்தில் கிராணியார் வீட்டுக்கு நாங்கள் யாரும் முன்வாசலால் போவதில்லை. பின்னால், சமையற்கட்டுக் குசினிப் பக்கம் போய் நிற்போம். பண்டாரவளையிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவளைக் குசினி வாசலில் நிற்கவைத்துவிட்டு, "பொறகு பாப்போம்" என்று அனுப்பியிருக்கிறார். கடைசியாகப் போய் வந்த அன்று, "இனி அந்தாளு குசினி வாசல்ல என் காலு நிக்காது" என்று சொன்னாள். இப்போது எஞ்சினை மாற்றப்போனால் அங்கேதான் போய் நிற்கவேண்டும். 'தாங்காதுன்னு சொன்னேனே' என்று அவர் சொல்வதையும் கேட்கவேண்டும்.

அன்று சாயந்தரம் நானும் ஒரு ஆம்பிளைதானே என்ற நினைப்பில் கேட்டுவிட்டேன்: "அக்கா, உங்க ரோசத்துக்கு அந்தப் புள்ள கொழுந்து லொறியில போகணுமா?"

கேட்டதும் ஓடுவதற்குத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் 'யாரு சொன்னா' வரவில்லை. அடுப்பில் இருந்த விறகைத் தள்ளிவிட்டுக் கொண்டிருந்தாள். அக்கா பதில் சொல்லாத அந்த ஒரு சந்தர்ப்பம் எனக்கு எல்லாத் திட்டையும்விடப் பயமாக இருந்தது.

விடிந்ததும் என் கதவைத் தட்டினாள். குவைத்திலிருந்து கொண்டுவந்த நல்ல சேலை. தோளில் பை.

"தம்பி, இன்னைக்கிக் கடைக்கு லீவு போடு. பண்டாரவளைக்குப் போறோம்."

"மொதலாளி லீவு தரமாட்டாருக்கா."

"யாரு சொன்னா?"

தெமோதரையில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் நான் பேசினேன். அவள் எரிச்சல்படக்கூட இல்லை.

கிராணியார் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போனோம். அங்கேதான் எனக்கு அந்த மானக்கேடு நடந்தது. என் கால்கள் என்னைக் கேட்காமலேயே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டன. குசினி வாசலில் போய் நின்று, தோளில் இல்லாத துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் பார்த்தபோதுதான் பக்கத்தில் அக்கா இல்லை என்று தெரிந்தது. அவள் முன்வாசலால் போய், ஹாலில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குசினிக் கதவு வழியாக நேரே தெரிந்தது.

குசினியில் பெரிய அமர்க்களம். எண்ணெய்ச் சட்டியில் வடை. கிராணியாரின் மனைவி என்னை அடையாளம் கண்டு, "பேத்திய பொண்ணு பாக்க இப்ப வர்றாங்கப்பா. கொழும்பு ஆளுங்க" என்று சொல்லிக் கையில் ஒரு வடையைக் கொடுத்தார். சுட்டது. நான் அதை ஊதிக்கொண்டே ஹாலைப் பார்த்தேன்.

கிராணியார் வந்தார். நன்றாக வயதாகியிருந்தார். நாற்காலியில் இருக்கிற அக்காவைப் பார்த்ததும் அவருக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

"எஞ்சின் போச்சாமே. கேள்விப்பட்டேன். தாங்காதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"ஒரு வருசம் தாங்காதுன்னு சொன்னீங்க. ஒம்பது வருசம் ஓடுச்சு. அதுவும் தானாப் போகல. ஒரு பச்சப்புள்ளய மழையில நனையாம வீட்டுல விடுறதுக்கு, போகும்னு தெரிஞ்சே ஓட்டுனேன்."

"சரி சரி. இப்ப எஞ்சின் மாத்தக் கையெழுத்து வேணும், அதான? பொறகு பாப்போம். இல்லாட்டி வண்டிய என்கிட்டயே குடுத்துரு. பழைய வண்டிக்கு இப்ப ஆளு இருக்கு."

"விக்கப்போறேன்னு யாரு சொன்னா?" பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். "எஞ்சினுக்குக் கையெழுத்து வேணாங்க. வண்டிய எம் பேருக்கு எழுதிக் குடுங்க. எஞ்சின நான் பாத்துக்குறேன்."

"எஞ்சின் இல்லாத வண்டிக்குப் பேர மாத்தி என்ன செய்யப்போற?"

"எஞ்சின்தாங்க போச்சு. வண்டி எங்கயும் போகல. நானும் எங்கயும் போகல."

சொல்லிவிட்டு நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கிராணியார் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"இப்ப வீட்டுக்கு ஆளுங்க வர்ற நேரம்."

"வரட்டுங்க. நானும் பாத்துட்டுப் போறேன். நீங்க இங்க குடிவர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசம், பாப்பா சின்னப்புள்ளையா இருக்கயில, நீங்க சொல்லி இந்தக் காருல லயத்துக்காரி என் பக்கத்துலதான உக்காந்து பள்ளிக்கூடம் போச்சு? அதையெல்லாம் பேசிக்கிட்டிருப்போம்."

கிராணியாரின் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு, விருந்தாளிகளுக்கு வைக்கிற நல்ல கோப்பையைத் தட்டில் எடுத்து, தேத்தண்ணி ஊற்றி ஹாலுக்குக் கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு எதில் கொடுப்பது? வைத்துவிட்டுத் தன் புருசனிடம், "நம்ம வண்டி இல்லையே. போட்டுக் குடுங்களேன்" என்றார்.

வெளியே ஒரு வேன் வந்து நின்றது.

கிராணியார் பேனாவைத் தேடினார். அக்கா எடுத்துக் கொடுத்தாள். போட்டார். அவர் போட்டு முடித்ததும் அக்கா, "சாட்சிக்கு ஆளு வேணுமே" என்று குசினிப் பக்கம் திரும்பி, "தம்பி, வடையத் தின்னது போதும், முன்னால வா" என்றாள். நான் குசினியிலிருந்து ஹாலுக்குள் போனேன். கொழும்பு ஆட்கள் முன்வாசலால் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னிலையில், எண்ணெய்க் கையோடு, என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பெரிய கிராணியாரின் மேசையில் கையெழுத்துப் போட்டேன். தாளில் கையெழுத்தைவிட எண்ணெய்தான் தெளிவாக விழுந்தது.

வெளியே வரும்போது அக்கா கிராணியாரைப் பார்த்து, "கல்யாணத்துக்குக் காரு வேணும்னா சொல்லியனுப்புங்க" என்றாள். முன்வாசலால் வந்தோம். நானும்தான்.

திரும்புகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்ல ஸ்டேசன் தாண்டிய பிறகு வாயைத் திறந்தாள்.

"நானாகிட்ட போய்ச் சொல்லு. அந்த ஜப்பான் எஞ்சினத் தூக்கி வைக்கட்டும்."

இத்தனை நாள் இந்தக் கையெழுத்துக்குப் போக மனமில்லாமல்தான் லேத், பிஸ்டன், லொறி என்று எங்கள் எல்லாரையும் அலைக்கழித்தாள். எனக்கு ஒரு ஆசை வந்தது. வருசக்கணக்காக மனசில் இருந்த ஆசை.

"மாத்தணும்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சொல்றேன்" என்றாள்.

ரெண்டு நாளில் வண்டி வந்துவிட்டது. பழைய எஞ்சினை இரும்புக்குப் போடவா என்று நானா கேட்டபோது அவருக்கும் வழக்கமான கேள்விதான் கிடைத்தது. "ஆறுதலா செஞ்சு வைங்க. அது என் எஞ்சின்" என்றாள். நானாவும் ஒவ்வொரு சாமானாகத் தேடிச் செய்து வைத்தார். பிற்பாடு அக்கா, கட்டிக்கொடுத்த மகளோடு இருக்கப்போகிறேன் என்று மொனராகலைப் பக்கம் போனபோது, காரை ஓட்டிக்கொண்டும், அந்த எஞ்சினை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டும் போனாள். ஒன்றுக்கு ரெண்டு எஞ்சின் வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் தோட்டத்தில் அவள்தான். அங்கே வெயில் அதிகம், ஏற்றம் இல்லை. எரிச்சலுக்கு யார் பக்கத்தில் உட்காருகிறார்களோ தெரியாது.

அதெல்லாம் பிறகு நடந்தது. கடைசிக் காம்பராப் பெண்ணுக்கு மாசக் கடைசிக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. புது எஞ்சின் ஒரு தடவையிலேயே கிளம்பியது. ஆண் பிள்ளை. கூட்டிக்கொண்டு வருகிற அன்று, பீலி முடக்கில் வண்டி நின்றது. மழை அன்றைக்கும் இருட்டிக்கொண்டுதான் வந்தது. அப்பன்காரன் வாளியை நிறைத்துக்கொண்டு வந்து, பழைய கதை தெரிந்தவன் ஆகையால், பத்தடி தள்ளியே நின்றான். போன தடவை எஞ்சினில் ஊற்றிய அப்பனும் அன்று எங்களோடு வந்திருந்தான். வாளி பிடித்தவனின் கையை அவன் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

அக்கா பொனட்டைத் திறந்து வைத்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

முதல் தூறல் விழுந்தது. மாமியார் பின் சீட்டிலிருந்து, "மழ வருதே, சீக்கிரம் ஊத்தச் சொல்லுங்களேன்" என்றார்.

அக்கா மென்றுகொண்டிருந்தாள். பிறந்த பிள்ளை உட்பட நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தோம்.